சடைச்சி சுருண்ட கதை

அந்தக் காலத்தில் இலைக்குள் கிடந்த இழைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. பேசி என்ன பிரயோசனம்? கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. இந்தக் கதையை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழமரத்து இலையில், கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றறைக்குள், வளையாயி என்றொரு ஆர்.என்.ஏ இழை குடியிருந்தாள். தலையும் வாலும் ஒட்டி வளையல் மாதிரி இருப்பாள். அவளுக்குப் பிள்ளைகள் தனித்தனியாகப் பிறப்பதில்லை. ஒருத்தியின் வாலில் அடுத்தவளின் தலை ஒட்டி, ஒரே சரமாக வருவார்கள். சரத்தை வெட்டிப் பிரித்தால்தான் ஒவ்வொருத்தியும் தன் இரண்டு முனையையும் சேர்த்து அம்மாவைப் போல வளையமாக முடியும்.

வெட்டாமல் விட்டால் சாவுதான். கொறியன் என்று ஒருவன் அங்கே திரிந்தான். திறந்த முனை கண்டால் வாய் வைத்து, நுனியிலிருந்து கொறித்துக்கொண்டே போவான். வளையத்துக்கு முனை கிடையாது, அவனால் ஒன்றும் செய்ய முடியாது. சரத்துக்கு முனை உண்டு.

வெட்டுகிற வேலை முழுக்கப் புரதங்களின் கையில் இருந்தது. அதில் கத்தரியார் என்பவர் பெரிய ஆள். "வேலை செய்யப் பொறந்தவங்க நாங்க. நீங்க வெறும் ஓலை. எழுதினதைச் சுமந்தாப் போதும்" என்பார். அவரிடம் வெட்டுக்கு வரும் இழை ஒரு மடிப்பு, ஒரு சுருள் இல்லாமல் நீட்டிப் படுத்துக் கிடக்க வேண்டும். அதுதான் மரியாதையாம். சுருண்டால் திமிராம். இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்கிறீர்களா? அவரேதான்.

அந்த முறை வளையாயிக்கு நான்கு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் மூக்காயி, அடுத்தவள் சடைச்சி, பின்னால் இரண்டு சிறுசுகள். நால்வரும் சரமாக நீட்டிப் படுத்துக் காத்துக் கிடந்தார்கள்.

"ஐயா, கொறியன் பக்கத்துல வந்துட்டான். வெட்டி விட்டுட்டுப் போங்க" என்று வளையாயி கெஞ்சினாள்.

கத்தரியார் அண்ணாந்தபடி கேட்டார். "நேராக் கிடக்காளுகளா?"

"கிடக்காளுக ஐயா."

"ரெண்டாவது ஒருத்தி நெளியிறா பாரு. அவ நேராகட்டும், பெறகு வாறேன்."

சடைச்சி நெளிந்தது பயத்தில். செத்துவிடுவோம் என்று தெரிந்தால் யார்தான் நெளியாமல் கிடப்பார்கள்? அதைச் சாக்காக வைத்து நாலு உயிரையும் விட்டுவிட்டுப் போனான் அந்த ஆள். இனி அவனுக்கு என் வாயில் மரியாதை வராது. போனவன் நாலு அடி தள்ளி இன்னொரு புரதத்தோடு வம்பளந்துகொண்டு நின்றான்.

கொறியன் வந்தே விட்டான். மூக்காயியின் நுனியில் வாய் வைத்தான்.

"ஐயா, வாங்கய்யா" என்று மூக்காயி கத்தினாள். வம்பளந்துகொண்டு நின்றவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி உடம்பு போகும்வரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதும் வளையாமல் நேராகத்தான் கிடந்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சடைச்சிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "நேராக் கிடந்து என்னத்தக் கண்டோம்? திமிர்னா திமிராவே இருந்துட்டுப் போகட்டும்" என்று உடம்பை இழுத்துச் சுருண்டுகொண்டாள்.

அவள் உடம்பில் ஒன்றுக்கொன்று சோடியான எழுத்துகள் தள்ளித்தள்ளி இருந்தன. சுருண்டதும் அவை ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டன. மூன்று கிளை ஒரு மூட்டில் கூடியது, சுத்தியல் தலை மாதிரி. அந்தப் பக்கமாக மிதந்துபோன மக்னீசியத் துணுக்கு ஒன்று, "நான் பிடிச்சிக்கிடுறேன் தாயி, நீ ஆடாத" என்று வந்து உட்கார்ந்து அவளை அசையாமல் நிறுத்தியது. அக்காவையும் அவளையும் இணைத்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே எப்போதும் ஓர் ஆக்சிஜன் இருந்தது. நேராகக் கிடந்தவரை அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது முடிச்சுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

சடைச்சிக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, அறுத்துக்கிடவா?"

"அறுத்துக்கோடி. என்னைப் பார்க்காத" என்றாள் மூக்காயி.

ஆக்சிஜன் முடிச்சின் மேல் பாய்ந்தது. முடிச்சு அறுந்தது. கொறியன் மூக்காயியை முழுசாகத் தின்று தீர்த்துவிட்டு நிமிர்வதற்குள், "சுருளுங்கடி" என்று தங்கைகளை அதட்டினாள் சடைச்சி. அவர்களும் சுருண்டு, அவரவர் தலைமாட்டு முடிச்சை அறுத்துக்கொண்டார்கள். மூவரும் முனை சேர்ந்து வளையமானார்கள். கொறியன் சுற்றிச் சுற்றி வந்து, வாய் வைக்க இடமில்லாமல் வந்த வழியே போனான்.

அப்புறம்தான் வந்தான் அந்தக் கத்தரி. "யாரு வெட்டுனது?"

"நான்தான்."

"ஓலைக்கு ஏது கை?"

"சுருண்டா இருக்கு. அது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். சொன்னா அப்புறம் என்னை யாரு தேடுவா?"

"எங்க அக்கா தேடுனா. சாகுற வரைக்கும் உங்களைத்தான் தேடுனா" என்றாள் சடைச்சி.

மனிதர்கள் மட்டும் யோக்கியமா? வெட்டுகிற வேலை புரதத்துக்கு மட்டும்தான் என்று ரொம்ப காலம் சாதித்தவர்கள்தானே. இப்போது சடைச்சியின் மடிப்பை ஆய்வுக்கூடத்தில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் கிளைகளில் எழுத்தை மாற்றி, நோய்க்கிருமியின் ஓலையைத் தேடிப் பிடித்து வெட்டப் பழக்குகிறார்கள். வேறு இழையின் வாலில் கோத்து, சரியான இடத்தில் அறுக்க வைக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு பொருள் வந்து தொட்டால் மட்டும் வெட்டும்படி பூட்டும் போட்டிருக்கிறார்கள். செய்யட்டும், நல்லதுதான். மூக்காயி பேரைச் சொல்லத்தான் அங்கே ஆளில்லை.

அன்று முதல்தான் அந்தச் சின்ன இழைகள் வெட்டுக்காக யாரையும் கூப்பிடுவதில்லை. பிறந்ததும் சுருண்டுகொண்டு, அக்கா இருக்கிற பக்கத்தைத் தாங்களே அறுத்துக்கொள்கின்றன.