பாய்லர் பக்கத்து இடம்

"சாமி, என் இடத்தை எனக்கு வாங்கிக் கொடுங்க."

வந்ததும் வராததுமாக அய்யாவு இதைத்தான் சொன்னான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாமி ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

அது அங்கே வழக்கம். ஏரிக்கரை மடத்துக்குக் கேள்வியோடு வருகிறவர்கள் சாமியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பேச வேண்டும். முகத்தைப் பார்த்தால் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள், மீதிப் பேர் அழுகிறார்கள், ரெண்டும் வேலைக்கு ஆகாது என்று அவர் எப்போதோ சொன்னாராம். அதிலிருந்து இப்படி.

சாமி என்றதும் தாடியும் சடையுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கு நாற்பதுகூட இருக்காது, அய்யாவுக்குத் தம்பி மாதிரி. வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தோளில் ஒரு கறுப்புக் கம்பளி. சாமியார்த்தனம் அவ்வளவுதான்.

"எந்த இடம்ணே?" என்று கேட்டார் சாமி.

"பாய்லர் பக்கத்து இடம்."

அய்யாவுக்குத் துறையூர் ரோட்டில் டீக்கடை. ஒரே அறைதான். முன்னால் பாய்லர், அதை ஒட்டிக் கல்லா. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் விறகடுப்பு, வடைச் சட்டி, அவன் மனைவி தனபாக்கியம்.

அந்த ரோட்டில் எல்லாக் கடையும் அப்படித்தான். புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால். பாய்லர் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் கைக்குத்தான் கல்லா. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவில்லை. எப்போதும் அப்படியே நடந்து வந்தது.

ஐப்பசி மழையில் மொபெட் சறுக்கி அய்யாவின் வலது கை முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கடையை மூடினால் வாடிக்கை போய்விடும் என்று அவனேதான் தனபாக்கியத்தை முன்னால் வரச் சொன்னான். அவன் பின்னால் போய் இடது கையால் வடை திருப்பினான்.

இப்போது கை சரியாகிவிட்டது. அவள் நகரவில்லை.

அய்யாவு உட்கார்ந்தான், எழுந்தான், வேப்பமரத்தைச் சுற்றி நடந்தான். நடந்துகொண்டே கொட்டித் தீர்த்தான். லாரிக்காரர்கள் வந்து இறங்கும்போதே அக்கா இருக்காங்களா என்று கேட்கிறார்களாம். நேற்று அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் இவன் பாய்லரிடம் நின்று டீ போட்டானாம். ஒருத்தன் ஒரு வாய் குடித்துவிட்டு, அக்கா வரட்டும் என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டானாம். அதே பாய்லர், அதே பால், அதே தூள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்ததாம்.

இன்றைக்கு விடிகாலையில் எல்லார் முன்னாலும் நகரு என்று சொல்லியிருக்கிறான். அவள் டீ ஆற்றிக்கொண்டே, வடை கருகுது பாருங்க என்றிருக்கிறாள். கடையே சிரித்திருக்கிறது.

"அதான் முடிவு பண்ணிட்டேன் சாமி. நான் நிக்க முடியாத கடையில பாய்லர் எதுக்கு? முசிறியிலேருந்து ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கேன். சாயங்காலம் வண்டியோட வந்து தூக்கிட்டுப் போயிடுவான்."

"கடை?"

"இழுத்து மூட வேண்டியதுதான்."

"அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

அய்யாவு நின்றான். அந்த பாய்லர் அவனும் அவளும் சேர்ந்து கும்பகோணம் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க சொன்னா அவ கேப்பா. சாமிகிட்டப் போய்த் தீர்ப்பு வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அவளும் சரின்னுட்டா. ஒரு வார்த்தை நீங்க சொன்னீங்கன்னா வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிடுவேன்."

சாமி ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. தன் பக்கத்து நியாயத்தை எடுத்து வைத்தான்.

"நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல சாமி. அவ மேல கை வச்சதில்ல. காசு கேட்டு இல்லன்னு சொன்னதில்ல. எதுக்குன்னுகூடக் கேட்டதில்ல. போன வருஷம் அவங்க அம்மா செத்தப்ப, அவ காசுன்னு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பஸ்ஸுக்குக் காசை எடுத்துக் கையில வச்சேன். எத்தனை பேர் செய்வான்?"

"அப்ப அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

"யாரு முகம்?"

"உங்க சம்சாரம் முகம்."

அய்யாவு யோசித்தான். தலையைச் சொறிந்தான்.

"கடையில கூட்டம் சாமி. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு."

சாமி எழுந்தார். தோளில் இருந்த கம்பளியை எடுத்து அய்யாவின் தலையோடு போர்த்தினார். நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"உட்காருங்க."

"நானா?"

"இடம்தானே கேட்டீங்க?"

அய்யாவு மிரண்டுவிட்டான். சாமியோ ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்கு அவர்தான் சமைக்க வேண்டுமாம், கத்தரிக்காய் நறுக்கவில்லையாம், தீர்ப்பு சாப்பாட்டுக்குப் பிறகாம். அதுவரை வருகிறவர்களுக்கு ஒரு முதுகு வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. "ம்" என்று மட்டும் சொன்னால் போதும்.

"ம் சொன்னாப் போதுமா?"

"அது உங்களுக்குப் பழக்கம்தான்ணே," என்று சொல்லிவிட்டுச் சாமி சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். தம்பியோடு வரப்புத் தகராறு. ம். அவர் பேசிப் பேசி, கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்து, ரொம்ப நல்லதுங்க சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அட, இது சுலபமாக இருக்கிறதே என்று அய்யாவுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. காலை அகட்டி வைத்துக்கொண்டான்.

அடுத்து வந்தது ஒரு பெண் குரல். என்ன விஷயம் என்று சொல்லவே இல்லை, உட்கார்ந்த உடனே அழ ஆரம்பித்துவிட்டது. ம் என்றான் அய்யாவு. அழுகை நிற்கவில்லை. இன்னொரு ம் சொன்னான். கழுத்து அரித்தது. யார், என்ன வயசு, கையில் பிள்ளை இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் அழுவது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எப்போது எழுந்து போனாள் என்பதும் தெரியவில்லை.

வெயில் உச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் கிளம்பியிருப்பான். கம்பளிக்குள் வேர்த்து ஊற்றியது. சாமி சமைத்தது போதும் என்று எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தான்.

அப்போது எண்ணெய் வாசனை வந்தது. வடை எண்ணெயும் விறகுப் புகையும் ஏறிப்போன சேலை வாசனை. அது யாரென்று அவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

காலை வியாபாரத்தை முடித்துவிட்டுத் தன் பக்கத்தைச் சொல்ல வந்திருக்கிறாள். அய்யாவு கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டான். பயம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு குறும்பும் இருந்தது. சொல்லட்டும், என்னதான் சொல்கிறாள் பார்ப்போம்.

"எம் பேரு தனபாக்கியம் சாமி. எங்க வீட்டுக்காரர் வந்து எல்லாம் சொல்லியிருப்பாரு."

"ம்."

"அவர் சொன்னதெல்லாம் நெசம்தான். நல்ல மனுஷன். காசு கேட்டு இல்லன்னு சொன்னதே கிடையாது."

அய்யாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பெண்டாட்டி என்றால் இவளல்லவா என்று நினைத்தான்.

அவள் கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தகரத்துக்குப் பின்னால் இருந்தவரைக்கும் அவளுக்கு ரோடு என்றால் ஹாரன் சத்தம்தானாம். வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் வெறும் குரல்தானாம். சர்க்கரை கம்மி என்று ஒரு கட்டைக் குரல் தினமும் வரும். நல்ல தடித்த ஆள், மீசைக்காரர் என்று அவளாக நினைத்து வைத்திருந்தாளாம். முன்னால் வந்து பார்த்தால் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு தபால்காரர். அன்றைக்குப் பூரா அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். இத்தனை வருஷம் யார் யாருக்கோ வடை சுட்டிருக்கிறோம், ஒரு முகம் தெரியாமல் போச்சே என்று சிரிப்புக்கு நடுவில் அழுகையும் வந்ததாம்.

"கல்லாவுக்காக நான் ஒட்டிக்கிட்டு நிக்கிறதா அவர் நினைக்கிறாரு. கல்லாவை அவரே வச்சுக்கட்டும் சாமி. அங்க நின்னா எதிர்ல மனுஷங்க முகம் தெரியுது. பின்னால போனேன்னா மறுபடி எனக்குத் தெரியறது ஒரு முதுகுதான்."

"ம்."

"முதுகுகிட்டப் பேசுறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எண்ணெய் தீர்ந்துடுச்சுன்னு முதுகுகிட்டச் சொல்லுவேன். காய்ச்சலா இருக்குன்னு முதுகுகிட்டச் சொல்லுவேன். ம்னு சொல்லும். கை மட்டும் பின்னால வரும், கையில காசு இருக்கும்."

இந்த முறை ம் கொஞ்சம் தாமதமாக வந்தது.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலை ஏற்றாமல், கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"போன மாசியில எங்கம்மா செத்துப்போச்சு. தம்பி போன் பண்ணுனான். கடையில நல்ல கூட்டம். நான் தகரத்துகிட்ட வந்து நின்னு, அம்மா போயிருச்சாம்னு சொன்னேன். அவரு டீ ஆத்திக்கிட்டு இருந்தாரு. ம்னாரு. திரும்பாமயே கல்லாவுல கையை விட்டு எடுத்துப் பின்னால நீட்டினாரு. வாங்கிக்கிட்டேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வச்சுட்டுக் கொல்லைப் பக்கமாப் போயிட்டேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பொம்பள என்னைப் பார்த்ததும் கேட்டா, யாரும்மா தவறிட்டாங்கன்னு. முன்னப் பின்ன தெரியாத பொம்பள."

அய்யாவுக்கு ம் வரவில்லை.

அந்த நாளை அவன் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இன்றைக்குக் காலையில்கூட இதே மரத்தடியில் சொன்னான். அவள் முகத்தை எப்படியாவது ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தான். வந்தது எல்லாம் பாய்லர் ஆவியும் வரிசையாக நீண்ட கிளாஸ்களும்தான். வெட்கமாக இருந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பப் போனான்.

"திரும்பாதீங்க," என்றாள் தனபாக்கியம்.

அவன் அப்படியே இருந்தான்.

"நான் இன்னும் முடிக்கல. உங்க முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச வராது. பழக்கமில்ல."

கம்பளிக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டான், "நான்தான்னு தெரியுமா?"

"வந்து உக்காரும்போதே தெரியும். இத்தனை வருஷம் பார்த்த முதுகுங்க. கம்பளி போத்தினா தெரியாமப் போயிடுமா?"

சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு பேரும் அது அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எடுங்க. வண்டிக்காரரா இருக்கும்."

அய்யாவு போனை எடுத்தான். அணைத்தான். நாற்காலிக்குக் கீழே வைத்தான்.

ஏரியில் காற்று அடித்தது. சமையல்கட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது.

அவனுக்கு ம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"சொல்லு," என்றான்.