பாதி ஆட்டத்தில் அடித்த மணி

தேன்கரை ராஜா விஜயகோபாலருக்கு மனசு பெரிது. யோசனைதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். கோயில் கோயிலாக அலைந்து ஒருவழியாக இளவரசன் பிறந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஓர் ஆணை போட்டார்.

"மாலை மணி அடித்ததும், அரண்மனையில் பிள்ளை பெற்றவர்கள் அனைவரும் கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மிச்ச வேலையைப் பிள்ளை இல்லாதவர்கள் முடிக்க வேண்டும். மீறுபவர் யாராக இருந்தாலும் தண்டனை உண்டு!"

ஊரே ராஜாவை வாழ்த்தியது. அரண்மனைச் சமையல்காரன் மாசிலாமணி மட்டும் வாழ்த்தவில்லை. அவனுக்கு அதற்கு நேரம் இல்லை.

மாசிலாமணி கல்யாணம் ஆகாதவன்; சமையலறையில் மற்ற எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள். மணி அடித்தால் போதும், ஒருவர் பாதி பிசைந்த மாவை விட்டுவிட்டு எழுந்து போவார். இன்னொருவர் எண்ணெயில் வடையைப் போட்டுவிட்டு, திருப்பாமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். ஆணையில் 'அப்படியே' என்று இருக்கிறதே! அத்தனை அடுப்புக்கும் மாசிலாமணி ஒருவனே ஓடுவான். பாவம், வியர்வையில் குளித்துவிடுவான்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் செண்பகத்தின் விஷயம் வந்துவிட்டது. பக்கத்துத் தெருப் பெண். இரு வீட்டாருக்கும் சம்மதம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு தட்டு மாற்றுவது அவர்கள் வீட்டு வழக்கம். முதல் வெள்ளி மாப்பிள்ளை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த வெள்ளியும் வரலைன்னா, பொண்ணை அவ அத்தை மகனுக்குக் கொடுத்துடுவேன்."

மாசிலாமணி தலைமைச் சமையல்காரர் வீரபாகுவிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"உனக்கென்னப்பா, பிள்ளையா குட்டியா? வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு அவர் செருப்பை மாட்டினார்.

அப்போது பணியாரம் ருசி பார்க்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தார் ஏகாம்பரம். ராஜாவின் ஆலோசகர். ராஜாவிடமே குறும்பு பேசித் தப்பித்துக்கொள்ளும் ஒரே ஆள்.

"என்னடா, பணியாரத்துல உப்புக் கரிக்குது! அழுதுகிட்டே ஊத்தினியா?"

மாசிலாமணி கொட்டித் தீர்த்தான். "பிள்ளை இல்லேன்னு என்னை விட மாட்டேங்கிறாங்க. விடாததால கல்யாணம் நடக்க மாட்டேங்குது. கல்யாணமே நடக்காம பிள்ளைக்கு நான் எங்கே போவேன், ஐயா?"

ஏகாம்பரம் இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை மணி அடிச்சதும் மாவுக் கையோட சதுரங்க மண்டபத்துக்கு வந்துடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை. மண்டபத்தில் ராஜாவும் ராணியின் அண்ணனும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்தயம் ராஜா ஏறிச் செல்லும் வெள்ளைக் குதிரை. மைத்துனர் மூன்று வருஷமாக அதன்மேல் கண் வைத்திருந்தார். இன்று ராஜாவின் கை ஓங்கியிருந்தது. மீசையை நீவியபடி யானையைத் தூக்கினார்.

டண்... டண்... டண்...

"மகாராஜா, அதை அப்படியே கீழே வைங்க," என்றார் ஏகாம்பரம்.

"எதை?"

"யானையை. மணி அடிச்சாச்சு. வீட்டுக்குக் கிளம்புங்க."

"இதுதானய்யா என் வீடு!"

"இது வேலை பார்க்கிற இடம். வீடு அந்தப்புரம். அங்கே இளவரசர் அழறது இங்கே வரைக்கும் கேக்குது. ஆணையில யாராக இருந்தாலும்னு போட்டிருக்கீங்க."

ராஜா திருதிருவென்று விழித்தார். "அப்போ ஆட்டம்?"

"மிச்சத்தைப் பிள்ளை இல்லாதவர் முடிப்பார். வாப்பா, மாசிலாமணி!"

மாவுக் கையோடு வந்து நின்ற மாசிலாமணி ராஜாவைக் கும்பிட்டான். ராஜாவின் ஆசனத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான். பலகையைப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. அவன் கவலையெல்லாம் செண்பகம் வீட்டில் விளக்கு ஏற்றியிருப்பார்களே என்பதுதான்.

"ஐயா, எதை நகர்த்தினா இது சீக்கிரம் முடியும்?" என்று மைத்துனரிடமே கேட்டான்.

மைத்துனர் முகத்தில் ஆயிரம் விளக்கு. "அந்தக் கிரீடம் வச்ச காயை முன்னால தள்ளு, தம்பி. உடனே முடிஞ்சிடும்."

மாசிலாமணி கையை நீட்டினான்.

"எடுடா கையை!" ராஜா அலறிவிட்டார். "ஏகாம்பரம், என்ன அநியாயம் இது! நான் பாதியில விட்டுட்டுப் போனதை இவன் எப்படி முடிப்பான்?"

"இதைத்தான் இவன் தினமும் செய்யறான், மகாராஜா. சமையலறையில எல்லாரும் பாதியில விட்டுட்டுப் போறதை இவன்தான் முடிக்கறான். இன்னிக்கு இவனுக்கு நிச்சயதார்த்தம். இவன் போகலைன்னா பொண்ணு கைவிட்டுப் போயிடும்."

ராஜா மாசிலாமணியைப் பார்த்தார். அவன் கண் வாசற்படியிலேயே இருந்தது. ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தப்பு என்னோடதுதான். இனிமே முறை வச்சு வீட்டுக்குப் போங்க. குழந்தைக்குக் காய்ச்சல்னாலும் போகலாம், கல்யாணம் பேசணும்னாலும் போகலாம். உனக்குப் பிள்ளை உண்டான்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. இன்னிக்கு அடுப்பு முறை வீரபாகுவோடது! அவனை வீட்டுலேர்ந்து கூப்பிடுங்க. நீ என் குதிரையிலயே போடா!"

மாசிலாமணி கைகூடக் கழுவவில்லை. வெள்ளைக் குதிரையில் மாவுக் கையோடு வந்து இறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்ததும் பெண்ணின் அப்பா அவசரமாகத் தட்டை நீட்டினார். செண்பகம் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

இங்கே ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டார். திடீரென்று அவருக்கு ஒரு சந்தேகம்.

"ஏகாம்பரம், உனக்கும் பிள்ளைகள் உண்டல்லவா? இந்த ஆணை போட்ட நாளா ஒருநாள்கூட நீ மணி அடிச்சதும் கிளம்பினதே இல்லையே, ஏன்?"

ஏகாம்பரம் பணிவாகக் கைகட்டி நின்றார்.

"எனக்கு ஒன்பது பிள்ளைகள், மகாராஜா. அதனாலதான்."