தொட்டிக்குத் திரும்பும் குழாய்

“பதமாத்தான் ஓட்டினேன், அம்மிணி. அப்புறம் ஏன் செத்துப்போச்சு?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

சாய ஆலையின் பம்ப் அறையில் அவருக்கு இருபது வருடம். பம்பைப் பிரித்துக்கொண்டிருந்த ஃபிட்டர் நஸீமாவுக்கு வயதே முப்பதுதான்.

நான்கு மாதத்தில், தண்ணீர் கசியாமல் பிடிக்கும் சீல் மூன்றாவது முறையாகப் போயிருந்தது.

“ஒண்ணு அந்தப் பொண்ணு வேலை சரியில்ல, இல்ல உன் வேலை சரியில்ல. யாருன்னு சாயந்தரம் சொல்லு. அந்த ஆளு நாளையிலிருந்து வேண்டாம்” என்று மேலாளர் காலையில் நாச்சிமுத்துவிடம் சொல்லியிருந்தார்.

நஸீமா புது சீலை மாட்டி முடித்தாள்.

“எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டுங்கண்ணா.”

அவர் பம்பைப் போட்டார். நான்கு மாதமாக ஆலையில் பாதி வேலைதான். வெளியேறும் வால்வை ஒரே ஒரு சுற்று திறந்தார்.

“பாவம், மெதுவா போகட்டும்.”

“பம்பு மேல கையை வைங்க.”

வைத்தார். குளிர்ந்திருந்தது.

“எதுக்கு?”

“வைங்க.”

சற்று நேரத்தில் வெதுவெதுப்பானது. பிறகு சூடு தாங்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

“கிணத்துத் தண்ணி, அம்மிணி. அடுப்பு எங்கிருக்குது?”

“உள்ளதான்.”

“கம்மியாத்தானே வேலை வாங்கறேன்?”

“கம்மின்னு யாரு சொன்னா? வெளிய விடலைன்னா அதே தண்ணி உள்ளயே சுத்திச் சூடேறுது. சீல் வெந்துபோகுது.”

அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார். உள்ளே கூழாங்கல் உருளுவது போலக் கேட்டது.

பம்பிலிருந்து சுவரோரமாக ஒரு சின்னக் குழாய், பம்ப் தண்ணீர் எடுக்கும் தொட்டிக்கே திரும்பிப் போனது. அதன் வால்வை மூடி, கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள்.

“இதைக் கட்டினது யாரு?”

“நான்தான், வேலை குறைஞ்சப்போ. தூக்கின தண்ணியை மறுபடி தொட்டியிலயே ஊத்தினா வீண்தானே?”

நஸீமா குறடை நீட்டினாள்.

அவர் கம்பியை வெட்டினார். வால்வைத் திறந்தார். தொட்டிக்குள் தண்ணீர் விழுந்தது. கூழாங்கல் சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கை வைக்க முடிந்தது.

“எவ்வளவு திறக்கோணும்?”

அவள் பம்பின் மேலிருந்த தகட்டைத் துணியால் துடைத்தாள். குறைந்தது எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று அதில் பொறித்திருந்தது.

“இருபது வருசமா இது இங்கேயேவா இருந்துச்சு?”

“நீங்களும் இங்கேயேதான் இருந்தீங்க.”

வாசலில் மேலாளர் வந்து நின்றார்.

நஸீமா கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தண்ணி ஏன்யா சும்மா தொட்டியில ஊத்துது? யார் திறந்தது?”

“நான்தானுங்க” என்றார் நாச்சிமுத்து.

பிறகு சொன்னார்: “மூடி வெச்சிருந்ததும் நானேதானுங்க.”