கண்ணு திறந்த இஞ்செரா

ஒரு ஊர்ல ஒரு கணக்கு டீச்சர் இருந்தா. ஊரு கோவில்பட்டி. பேரு செண்பகவல்லி. ஆமா தாயி, எங்க அக்காதான். உன் அத்தையேதான். நடுநடுவுல ம் சொல்லணும், சரியா?

ம்.

அவளுக்கு எத்தியோப்பியாவுல வேலை கிடைச்சுது. மலை மேல ஒரு சின்ன ஊரு. கொண்டுபோன அரிசி ஒரே மாசத்துல காலி. கடைவீதி முழுக்கத் தேடுனா, ஒரு மணி அரிசி இல்ல. அப்போ பக்கத்து வீட்டு அம்மா ஒரு தட்டு கொண்டுவந்தாங்க. வொர்க்நெஷ்னு பேரு. அவங்க பாஷையில "நீ தங்கம்"னு அர்த்தமாம்.

தட்டுல என்ன? தோசை மாதிரி பெருசா, வட்டமா, சாம்பல் நிறத்துல ஒண்ணு. இஞ்செரா. அத்தை ஒரு வாய் வச்சா. உவ்வே! புளிப்புன்னா அப்படி ஒரு புளிப்பு!

"வேண்டாம்மா"ன்னுட்டா. அப்புறம் வாழைப்பழம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு. இப்படியே மூணு வாரம். ஒருநாள் போர்டுல கணக்குப் போட்டுக்கிட்டே தொப்புனு விழுந்துட்டா!

ம்...

பிள்ளைங்க அலறிட்டாங்க. வொர்க்நெஷ் ஓடிவந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இஞ்செரா மேல சுடச்சுடக் கடலைமாவுக் குழம்பை ஊத்தி, "சாப்பிடு"ன்னாங்க. பசி தாயி, பசி! பிச்சா, தொட்டா, வாயில போட்டா. அந்தக் காரத்தோட சேர்ந்தப்போ புளிப்பு அம்புட்டு ருசி. ஒண்ணு முழுசும் தின்னுட்டு, "இன்னொண்ணு இருக்கா?"ன்னு கேட்டா.

அப்புறம் தினமும் அதுதான்.

அப்போ வொர்க்நெஷ் மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. மாவெல்லாம் கரைச்சுப் புளிக்க வச்சாச்சு. முந்தின நாள் காலையில, ஐயோ, கொதிக்கிற தண்ணி அவங்க வலது கையில கொட்டிருச்சு. சொந்தக்காரங்க மறுநாள்தான் வருவாங்க. நூறு இஞ்செரா சுடணும். இஞ்செரா இல்லாம அங்க கல்யாணமே இல்ல. அந்தம்மா அழுதுட்டாங்க.

அத்தை சேலையை இழுத்துச் சொருகுனா. "அழாதீங்க. நான் சுடுறேன்."

"உனக்குத் தெரியாதே!"

"நீங்க சொல்லுங்க."

மண்ணுல செஞ்ச கல்லு, மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி பெருசு. முதல் தடவை, தோசைக்கு ஊத்துற மாதிரி நடுவுல ஊத்தித் தேய்ச்சா. சர்ர்ர்! ஒட்டிக்கிச்சு, கிழிஞ்சுது.

"ஓரத்துலேர்ந்து சுத்தி உள்ளே வா"ன்னாங்க.

ரெண்டாவது தடவை, ஓரத்துலேர்ந்து அழகா சுத்தி ஊத்துனா. ஆனா கை சும்மா இருக்குமா? திருப்பிப் போடப் பார்த்தா. பொத்துனு ரெண்டா உடைஞ்சுது.

"திருப்பாதே! மூடி வை, பொறு!"

ம்... ம்...

மூணாவது தடவை சுத்தி ஊத்துனா, பொறுத்தா. பொக் பொக் பொக்னு குட்டிக் குட்டியா ஓட்டை விழுந்துச்சு. அதை அவங்க கண்ணும்பாங்க. மூடுனா, திறந்தா. பூ மாதிரி வந்துச்சு தாயி! வொர்க்நெஷ் கட்டுப்போட்ட கையோட எந்திரிச்சு, "கண்ணு திறந்துருச்சு!"ன்னு கத்துனாங்க.

அப்புறம் புஸ்ஸுனு ஊத்துறா, டப்புனு மூடுறா. பொழுது சாயறதுக்குள்ள நூத்தி நாலு!

மறுநாள் கல்யாணத்துல சொந்தத்துலயே மூத்த ஒரு அம்மா, இஞ்செராவைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க.

"யாரு சுட்டது?"

எல்லாரும் அத்தையைப் பார்த்தாங்க. வொர்க்நெஷ் சத்தமா, "என் தங்கச்சி"ன்னாங்க.

அந்த மூத்த அம்மா ஒரு வாய் உருட்டி, அத்தை வாயில தன் கையாலயே ஊட்டிவிட்டாங்க. அந்த ஊர்ல அதைவிடப் பெரிய மரியாதை இல்ல. பொம்பளைங்க எல்லாரும் உலுலுலுலூன்னு குலவை போட்டாங்க. எங்க அக்கா நிமிர்ந்து நின்னா பாரு, மலை மாதிரி நின்னா!

தாயி? ம் எங்க?

சரி, அம்புட்டுதான் கதை. கல்யாணமும் ஆச்சு, எல்லார் வயிறும் நிறைஞ்சுது. நீ தூங்கு.