சூடான காப்பியும் நடக்காத கல்யாணமும்

நொச்சிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கல்யாணத் தகவல் மையம். நடத்தியவர் அருமைநாயகம், கூட வேலை பார்த்தவர்கள் தவசி, குப்பாச்சி. மூன்று பேரும் தங்கமானவர்கள். மூளையை மட்டும் சிக்கனமாகச் செலவழிப்பார்கள்.

ஒரு நாள் கம்ப்யூட்டரில் ஒரு மாப்பிள்ளைக்கு வயது இருநூற்றுப் பதினாலு என்று வந்தது.

"நல்ல நிதானமான ஆளா இருப்பாரு," என்றான் தவசி.

"தாயார் இருக்காங்கன்னு போட்டிருக்கே! அந்த மாமியாரை யாரு பார்த்துக்கிறது?" என்று குப்பாச்சி கவலைப்பட்டாள்.

அடுத்து வந்த பெண்ணின் உயரம் ஐம்பத்திரண்டு அடி. இவளுக்கு எந்தக் கடையில் புடவை எடுப்பது என்று யோசித்தபோதுதான் அருமைநாயகத்துக்குச் சந்தேகம் தட்டியது. டவுனில் இருந்த கம்ப்யூட்டர்காரர் பெனடிக்டுக்குப் போன் போட்டார்.

"உள்ள இருக்கிற தகவலெல்லாம் கெட்டுப்போச்சு சார். காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

"இருக்கு தம்பி."

"கெடுறதுக்கு முன்னாடி எடுத்ததுதானே?"

"நல்லா இருக்கும்போதே எடுத்தது."

"அப்பப் பயமில்லை. அதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க."

குப்பாச்சி பிளாஸ்க்கைத் திறந்தாள்.

"சர்க்கரை போடணுமா?"

"அப்படியேன்னாரு. போடக்கூடாது," என்றார் அருமைநாயகம் கண்டிப்பாக.

மேலே ஓட்டை ஓட்டையாக இருந்த இடம் பார்த்து ஊற்றினார்கள். கம்ப்யூட்டர் சீறியது, புகைந்தது.

"ஆவி வருது. ஏறிடுச்சு!" என்று தவசி கைதட்டினான்.

மறுநாள் பெனடிக்ட் வந்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். பிறகு புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, தன்னிடமிருந்த பழைய நகலை ஏற்றிக் கொடுத்தார்.

"போன திங்கக்கிழமை வரைக்கும் எல்லாம் திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் நடந்தது எதுவும் இல்லை," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

மூவருக்கும் முகம் வெளுத்தது. அவர்கள் பொருத்தம் பார்த்துக் கொடுத்த மங்கைக்கும் ஞானதுரைக்கும் வியாழக்கிழமைதான் கல்யாணம் நடந்திருந்தது.

"கல்யாணமே ஆகலை, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்காங்களே! ஊர் என்ன பேசும்?" என்று குப்பாச்சி பதறினாள்.

ஓட்டமாக ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்கள். மங்கை திறந்தாள்.

"நீ உடனே பொறந்த வீட்டுக்குப் போயிடும்மா. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை," என்றார் அருமைநாயகம்.

உள்ளேயிருந்து ஞானதுரை கொதித்துக்கொண்டு வந்தான். "என்னய்யா உளர்றீங்க? முதல் பந்தியில உட்கார்ந்து மூணு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சது யாரு?"

தவசி மெல்லத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

"அதுவும் போச்சுண்ணே," என்றான் துக்கத்தோடு. "காலியாத்தான் இருக்கு."

அருமைநாயகம் பெருமூச்சு விட்டபடி கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்ற இருவரும் வரிசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"சரி மாப்பிள்ளை, கல்யாணம் நடந்ததாவே வச்சுக்குவோம். இலையைப் போடுங்க!"