துண்டுக் கம்பிக்குப் போட்ட துளை

நியாயம் பேச நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? இந்த வழக்குக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் பாதிக் கதையிலேயே கையைத் தூக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவிலில் சந்தனமாரி என்று ஒரு தையல்காரி. கல்யாண ரவிக்கை என்றால் சுற்றுவட்டாரமே அவள் வாசலில்தான் நிற்கும். தன் வீட்டுக் குளியலறையை இடித்துப் புதிதாக்க அவள் இரண்டு பேரை வைத்தாள். டைல்ஸ் ஒட்ட மாசானம், குழாய் வேலைக்குக் கனிராஜ்.

கனிராஜ் கெட்டவன் இல்லை, வேலையும் சுத்தம். ஆனால் என்ன செய்ய? அவன் பாடுபட்டது முழுக்கச் சுவருக்குள்ளே போய்விடும். மாசானம் ஒட்டியதுதான் வெளியே பளபளவென்று தெரியும். சந்தனமாரி வருகிற போகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து, "எப்படி ஒட்டியிருக்கான் பாருங்க!" என்று காட்டினாள். காபி வந்தால் முதல் டம்ளர் மாசானத்துக்கு. கனிராஜுக்கு வயிறு எரிந்தது. கடைசியில் மாசானம் தும்மினால்கூட எரிச்சல் வரும் அளவுக்கு ஆகிவிட்டது.

குழாய் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. திருகுக் குழாய் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் மேலேதான் சுவருக்குள் லைன் போகும். தொழில் தெரிந்தவர்கள் திருகைப் பார்த்தே சுவரைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் இந்தச் சுவரில் நடுவே ஒரு கான்கிரீட் தூண் வந்து மறித்தது. அதைக் கொத்தக் கூடாது என்று கனிராஜ் லைனை ஒரு சாண் இடது பக்கம் வளைத்து மேலே கொண்டுபோனான். கெட்டிக்கார வேலைதான்.

இப்படி வளைத்தால் அடுத்து அங்கே கை வைக்கிறவனிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்துச் சந்தனமாரி வந்து, "மாசானம், உன் கைக்கு மோதிரம்தான் போடணும்" என்றாள். வந்த சொல்லைக் கனிராஜ் அப்படியே விழுங்கிவிட்டான். சிமெண்ட் பூசி மூடியிருந்த லைனோடு சுவர் டைல்ஸுக்குள் மறைந்தது.

வேலை முடிகிற நாள். துண்டு போடும் கம்பி ஒன்றுதான் பாக்கி. கம்பி மாட்டுவது எப்போதும் குழாய்க்காரன் வேலை. கனிராஜ் கருவிப் பையைத் திறந்துவைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அதையும் நீயே மாட்டிரு மாசானம். உன் கை பட்டாத்தான் கோணாம இருக்கும்" என்றாள் சந்தனமாரி. அதோடு விட்டாளா? "திருச்செந்தூர்ல எங்க அண்ணன் லாட்ஜ் கட்டுதான். உன்னையத்தான் சொல்லியிருக்கேன். உன் மச்சினனும் பிளம்பர்தானே, அவனையும் கூட்டிட்டுப் போயிரு."

அந்த லாட்ஜ் வேலை தனக்குத்தான் என்று கனிராஜ் வீட்டில் பெண்டாட்டியிடம் சொல்லிவைத்திருந்தான். அவனுக்குக் காது இரண்டும் சுட்டது.

மாசானம் திருகைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "குழாய்க்கு நேர் மேல வேண்டாம்க்கா. ஒரு சாண் இடது பக்கம் தள்ளிப் போடுதேன்" என்று பென்சிலால் புள்ளி வைத்தான்.

கனிராஜ் அந்தப் புள்ளியைப் பார்த்தான். 'ஏன், என்னை ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? பெரிய கைக்காரன்! அவனே பார்த்துக்கொள்ளட்டும்' என்று மனசுக்குள் கறுவினான். எழுந்தான். பையைத் தூக்கிக்கொண்டுபோய் வெளித் தாழ்வார ஆணியில் மாட்டிவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

டிரில் உறுமியது. அடுத்த நொடி தண்ணீர் பீச்சியடித்தது. மாசானம் உள்ளங்கையால் பொத்திப் பார்த்தான். நிற்குமா? கனிராஜ் மாடிக்கு ஓடி வால்வை அடைத்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் அடுத்த அறைக்குள் புகுந்துவிட்டது. அங்கே பாயில் தைத்து முடித்த ரவிக்கைகள் கிடந்தன. அவற்றில் ஒரு சிவப்பு ரவிக்கையின் சாயம் இறங்கி, பக்கத்தில் கிடந்த மணப்பெண்ணின் சந்தன நிறப் பட்டு ரவிக்கை முழுக்கத் திட்டுத் திட்டாகப் படிந்தது. சாயங்காலம் பெண்வீட்டார் வாங்க வருகிறார்கள். சந்தனமாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"என் கை போட்ட ஓட்டைக்கா. கேட்டுப் போட்டிருக்கணும். எம் மேலதான் தப்பு" என்றான் மாசானம்.

"மாட்டச் சொன்னவ நான்தானே" என்றவள் கனிராஜ் பக்கம் திரும்பினாள். "லைன் வளைஞ்சு போகுதுன்னு உனக்குத் தெரியும்லா? சொல்லப்படாதா?"

"வளைச்சது வாஸ்தவம்க்கா. டைல்ஸ் ஒட்டுன பொறவு எந்த இடம்னு எனக்கே நிதானம் இல்ல. தெரிஞ்சா சொல்லாம இருப்பனா?" என்றான் கனிராஜ்.

நியாயஸ்தர்களே, இனி உங்கள் முறை. கேட்காமல் துளைத்தவன் ஒருவன். ஒருவன் வேலையை இன்னொருவன் கையில் கொடுத்தவள் ஒருத்தி. இடம் நிதானமில்லை, சரியாக நினைவில்லை என்று சொன்னவன் ஒருவன். பாழான ரவிக்கைக்கு இந்த மூவரில் யார் பொறுப்பு?

விடை: மாசானம் கேட்காதது பிழைதான், சந்தனமாரி ஆள் மாற்றியதும் பிழைதான். ஆனால் அவர்கள் இருவருக்கும் அது விபத்து. கனிராஜுக்கு விபத்து இல்லை. இடம் நிதானமில்லாதவன், துளை விழும் முன்பே பையை எதற்குத் தூக்கினான்? தன் கருவிகள் நனையும் என்று தெரிந்த அளவுக்கு அவனுக்கு இடமும் தெரிந்திருந்தது. பொறுப்பு அவனுக்கே. இதைச் சந்தனமாரிக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நனைந்த பாயைக் காயப்போடத் தாழ்வாரத்துக்குப் போனவள் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள். பிறகு கழற்றிக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். "உன் பையாவது நனையாம இருக்கே கனிராஜு." அதை வாங்க அவனுக்குக் கை எழவில்லை.