ஸ்டூலில் அமர்ந்த பயில்வான்

ஜிம் நடத்தும் வீரபத்திரன் ஒரு காலத்தில் மாவட்ட ஆணழகன். ஐம்பது வயதிலும் புஜம் இரண்டும் தேங்காய் தேங்காயாக நிற்கும். ஜிம் சுவர் முழுக்க அவர் படம்தான். எல்லாம் இடுப்புக்கு மேலே. காலுக்கான பயிற்சி என்றால் மட்டும் அவருக்கு வேப்பங்காய்.

அவர் மலைமேல் இருக்கும் மைதானத்துக்கு கோல்ஃப் கற்க வந்தார். குரு எஸ்தருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஞாயிறன்று கோப்பைப் போட்டி. முதல் அடியே குளத்தைத் தாண்ட வேண்டும். இன்றைக்குள் தாண்டிக் காட்டினால்தான் அணியில் இடம், கிளப் வாசலில் படம்.

ஓங்கி அடித்தார். பந்து நடுக்குளத்தில் விழுந்தது.

"எதிர்க்காத்து மேடம்."

குப்புற விழுந்தும் அவர் மீசையில் மண் ஒட்டவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் குளம்தான்.

"இவ்வளவு பலம் இருக்கு. ஏன் மேடம் போக மாட்டேங்குது?"

எஸ்தர் ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உட்கார்ந்து அடிங்க சார்."

அடித்தார். பந்து அதே நடுக்குளத்தில் விழுந்தது. வீரபத்திரன் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா! உட்கார்ந்தே அவ்வளவு தூரம்! எவனால முடியும்?"

"யாராலயும் முடியாது சார். பெருமைதான். அப்போ நின்னு அடிச்சப்போ கால் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

பயில்வான் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவமானமாகத்தான் இருந்தது.

"இப்போ துள்ளி எழுந்தீங்களே, எப்படி?"

"தரையை மிதிச்சு."

"அதேதான். மட்டையைப் பின்னால கொண்டுபோறப்போ வலது கால்ல பாரத்தை வெச்சு லேசா உட்காருங்க. இறக்குறப்போ இடது காலால தரையை மிதிச்சு எழுந்திரிங்க. இடுப்பு தானா திரும்பும். கை கடைசியா வரட்டும்."

மதியம் முழுக்கத் தவளைகளுக்குத்தான் பந்து போனது. வெயில் சாயும் நேரத்தில் ஒன்று மட்டும் குளத்தைத் தாண்டி அக்கரைப் புல்லில் உருண்டது. வீரபத்திரன் மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். எஸ்தருக்கும் பெருமை தாங்கவில்லை.

"மேடம், தொடை ரெண்டும் நடுங்குது. கை வலிக்கவே இல்ல. அப்போ இந்தக் கை என்னதான் பண்ணுச்சு?"

"கால் கொடுத்ததை வாங்கிப் பந்துக்குக் கொடுத்துச்சு."

கிளப்பின் போட்டோக்காரர் வந்தார். வீரபத்திரன் பழக்க தோஷத்தில் சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தை முறுக்கினார். போட்டோக்காரரும் நெருங்கி வந்து குறி பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் பின்னாடி போங்க," என்றார் எஸ்தர். "குளத்தைத் தாண்ட வெச்சது படத்துல வரல."